சி, டி, ஈ: ஒரு வீட்டு ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்க் விவகாரம்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மாடி அறை. சுவரெல்லாம் பழைய கம்பளி, ஜன்னலை அடைத்து ஒரு இலவம்பஞ்சு மெத்தை, மூலையில் கீபோர்டு, எட்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கொயர் பிள்ளைகளை மாடிக்கு வரவழைத்து நாலைந்து பாடல்களைப் பதிவு செய்வார். 2021 நவம்பரில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, மூணாவது சரணத்துல நின்னுருது. எந்தத் தடவ பாடுனாலும் மூணாவது சரணந்தான். பிள்ளைங்க சிரிக்காங்க."

எப்போதாவது நிற்கும் பழுதைப் பிடிப்பது கஷ்டம். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. மறுநாளே போய்விட்டேன்.

அதற்குள் அவர் கையிலிருந்து கொஞ்சம் பணம் போயிருந்தது. ஒரு கடையில் ரேம் போதாது என்றார்களாம். 4 ஜிபியை 8 ஆக்கியிருந்தார். இன்னொருவர் இன்டர்ஃபேஸைக் குறை சொல்லியிருந்தார். நல்லவேளை, அதை இன்னும் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10, பாட்டைப் பதிவு செய்யும் கியூபேஸ், பதிவான நிஜ வாத்திய ஒலிகளை வாசிக்கவைக்கும் கான்டாக்டில் ஒரு பெரிய பியானோ, ஒரு வயலின் குழு. பழைய இயந்திரம்தான், ஆனால் இந்த வேலைக்குத் தாராளம். உள்ளே இருந்தது 7200 சுற்று ஹார்ட் டிஸ்க், 1 டிபி, ஒன்றே ஒன்று.

"ஒண்ணா? மூணு இருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி. "பாட்டுக்குத் தனி டிஸ்க் வேணும்னு எங்கயோ படிச்சேன். அதான் சி-ல விண்டோஸ், டி-ல பாட்டு, ஈ-ல பியானோன்னு அப்பவே பிரிச்சு வச்சாச்சு."

விவகாரம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. நம் ஊரில் கம்ப்யூட்டரைப் பூட்டித் தருகிறவர்கள் ஒரு டிஸ்கை மூன்றாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். மை கம்ப்யூட்டரைத் திறந்தால் மூன்று பெட்டிகள் வரிசையாகத் தெரியும். படித்தவர், கவனமானவர், மூன்றையும் மூன்று டிஸ்க் என்று நினைத்துக்கொண்டால் அது அவர் தப்பில்லை. ஆனால் உள்ளே சுழலும் தட்டுகளை எல்லாம் சேர்த்துத் தடவுவது ஒரே ஒரு கரம். அந்தக் கரம் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். பிரித்து வைத்ததில் நன்மை இல்லாததோடு கொஞ்சம் கெடுதலும் உண்டு: பாட்டும் பியானோவும் ஒன்றையொன்று ஒட்டி இல்லாமல் தட்டின் வேறு வேறு வட்டாரங்களுக்குப் போய்விட்டன. கரம் ஒவ்வொரு முறையும் டி-க்கும் ஈ-க்கும் நடுவே நெடுந்தூரம் தாண்ட வேண்டும்.

இதை அவரிடம் உடனே சொல்லவில்லை. சந்தேகத்தை முதலில் அளந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கே முட்டுகிறது

பதிவு செய்யும் கம்ப்யூட்டரில் சத்தம் இரண்டு விதமாக உடையும், மருந்தும் வேறு வேறு. பிராசசர் நேரத்துக்குக் கணக்கை முடிக்காவிட்டால் பொரிவது போலப் படபடவென்று கேட்கும். சத்தத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஆடியோ பஃபரைக் கூட்டினால் அது அடங்கும். டிஸ்க் நேரத்துக்குத் தரவில்லை என்றால் அப்படிப் பொரியாது. ஒரு டிராக் (ஒரு குரலின் அல்லது வாத்தியத்தின் தனிப் பதிவு) திடீரென்று ஊமையாகும், அல்லது பதிவே நின்றுவிடும். பஃபரை 128-லிருந்து 1024 ஆக்கினேன். எந்த மாற்றமும் இல்லை, மூன்றாவது சரணத்தில் நின்றது. கியூபேஸில் ஆடியோ பெர்ஃபார்மன்ஸ் என்ற சிறு சாளரம் உண்டு. பிராசசருக்குத் தனி முள், டிஸ்குக்குத் தனி முள். பிராசசர் முள் பாதியைத் தொடவில்லை. டிஸ்க் முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டர். டிஸ்க் நூறு சதவீதம் வேலையில் இருக்கிறது என்றது. எவ்வளவு தரவு போய்வருகிறது என்று பார்த்தால் நொடிக்கு 5 எம்பி சொச்சம். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் இதே டிஸ்க் நொடிக்கு 150 எம்பி தருகிறது. 150 தருகிற டிஸ்க் 5-லேயே மூச்சுத் திணறுவது ஏன்?

கணக்கு போட்டால் புரிந்துவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 அளவு, ஒவ்வொன்றும் 3 பைட் என்று பதிந்தால், ஒரு மோனோ டிராக் நொடிக்கு 1,44,000 பைட். அன்றைய பாட்டில் ஏற்கெனவே பதிவான 22 டிராக், புதிதாக எழுதப்படும் 8. மொத்தம் 30 டிராக்குக்கு நொடிக்கு 4.3 எம்பி. 150-க்கு முன்னால் இது தூசு. ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான், அதனால்தான் ஏமாறுகிறோம்.

டிஸ்குக்கு வலிப்பது எத்தனை எம்பி என்பதில் இல்லை, எத்தனை தாவல் என்பதில். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் கரத்துக்கு நேரே சுற்றி வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17. கரம் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது. ஆக ஒரு தாவலுக்கு ஏறக்குறைய 13 மில்லிசெகண்ட். நொடிக்கு எண்பது தாவலுக்கு மேல் அதனால் முடியாது. ஒவ்வொரு தாவலிலும் 64 கேபிதான் எடுக்கிறது என்றால் 80 தாவலுக்கு 5 எம்பி. ரிசோர்ஸ் மானிட்டர் காட்டிய எண் அதேதான்.

ஒவ்வொரு தாவலிலும் இவ்வளவு கொஞ்சமாக எடுப்பது யார்? டிராக்குகள் அல்ல, அவற்றைப் பெரிய கட்டியாக அள்ளிக்கொள்ளலாம். பியானோதான். கான்டாக்ட் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்திய பிறகு மிச்சத்தை டிஸ்கிலிருந்து ஓடஓட எடுக்கும். பெடலை மிதித்துப் பிடித்தால் விட்ட ஸ்வரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்குமல்லவா? ஒவ்வொன்றும் டிஸ்கில் வேறொரு மூலையில் கிடக்கும் தனிக் கோப்பு. நாற்பது ஸ்வரம் நீண்டு ஒலித்தால் நாற்பது மூலைக்கும் கரம் ஓட வேண்டும். அண்ணாச்சியின் இசையமைப்பில் முதல் சரணம் வெறும் ஆர்கன். இரண்டாவதில் பியானோ மெல்லச் சேரும். மூன்றாவதில் பெடலை மிதித்துக்கொண்டு பியானோ, மேலே வயலின் குழு முழுவதும். இதனால்தான் மூன்றாவது சரணம்.

செலவில்லாமல் இதை நிரூபிக்க ஒரு வழி இருந்தது. பியானோவையும் வயலினையும் கியூபேஸில் ஃப்ரீஸ் செய்தேன். அதாவது அவற்றை ஒருமுறை ஓடவிட்டுச் சாதாரண ஆடியோ டிராக்காகவே எழுதி வைத்துவிட்டேன். நூறில் நின்ற டிஸ்க் முப்பதுக்கு இறங்கியது. அன்று மாலை கொயர் மூன்றாவது சரணத்தைத் தாண்டிக் கடைசி ஆமென் வரை பாடி முடித்தது. காசில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் மனமார நம்புகிறேன். அண்ணாச்சிக்குத்தான் பாடும்போதே பியானோவை மாற்றி மாற்றி வாசிக்கும் பழக்கம். ஃப்ரீஸ் அவருக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

நான் செய்த தப்பு

திட்டம் எளிது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, விண்டோஸுக்கும் கியூபேஸுக்கும் பியானோ சாம்பிள்களுக்கும் (பதிவு செய்து வைத்த ஸ்வரங்கள்). பாட்டுப் பதிவுக்குப் புதிதாக 2 டிபி ஹார்ட் டிஸ்க். பழைய டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம்.

சிஸ்டத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, சாம்பிளுக்கு ஒன்று என்று மூன்று தனித்தனி டிஸ்க் வேண்டும் என்பது பழைய விதி. கரத்தோடு சுழலும் டிஸ்குகளின் காலத்துக்கு அது சரி. எஸ்எஸ்டியில் நகரும் கரம் கிடையாது. ஒரு தாவலுக்கு 0.1 மில்லிசெகண்ட் என்ற அளவுதான். எனவே விண்டோஸையும் சாம்பிளையும் ஒரே எஸ்எஸ்டியில் வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே என்று அண்ணாச்சி கேட்டார். சாம்பிள்கள் படிக்கப்படுகின்றன, எழுதப்படுவதில்லை. அதிலேயே பாட்டை எழுதினாலும், 16 டிராக் ஒரு மணி நேரத்துக்கு 8.3 ஜிபி, தினம் நான்கு மணி நேரம் எழுதினால் 33 ஜிபி. 300 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டியில் அந்த வரம்பைத் தொட 24 வருடம் ஆகும்.

எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் பியானோ விவகாரம் தீர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். 2 டிபி டிஸ்கை வாங்கியபோது விலையையும் கொள்ளளவையும் மட்டும் பார்த்தேன், மாடல் எண்ணைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பழைய டி-யிலிருந்த பாட்டுகளையெல்லாம் அதில் நகலெடுத்து, ஃபோல்டர்களை அடுக்கி, இரட்டிப்பாக இருந்தவற்றை அழித்து, மறுபடி நகலெடுத்து, நேரமாகிவிட்டதே என்று உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை இருபத்துநாலு பேர் வந்திருந்தார்கள். ஐம்பது நிமிடம் நன்றாகப் போயிற்று. பிறகு டிஸ்க் முள் சிவப்பு, பதிவு நின்றது. பிள்ளைகள் இந்த முறை சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். எட்டு டிராக் எழுத வேண்டியது நொடிக்கு 1.15 எம்பி, டிஸ்க் அதைக்கூட எழுதவில்லை. பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் என்று காட்டியது. எல்லாவற்றையும் மூடியாயிற்று, டிஸ்குக்கு வேலையே இல்லை என்கிறது விண்டோஸ். கேபினட் மேல் கை வைத்தால் உள்ளே கரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடகடப்பிலேயே பிடிபட்டுவிட்டது. அது ஓடு வேய்ந்த டிஸ்க். கொள்ளளவைக் கூட்டுவதற்காக, தடங்களை அருகருகே எழுதாமல் நாட்டு ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதும் முறை. ஆங்கில எழுத்துகளில் எஸ்எம்ஆர் என்பார்கள். படிக்கும் முனை மெல்லியது, எழுதும் முனை அகலம் என்பதால் இப்படிச் செய்ய முடிகிறது. வெளியே தெரியும் விளிம்பைப் படிப்பதில் சிரமமே இல்லை. மாற்றி எழுதும்போதுதான் தொல்லை. கூரையில் கீழ் வரிசை ஓடு ஒன்றை மாற்ற மேல் வரிசையைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? அதுபோல ஒரு சின்ன இடத்தை மாற்ற அந்தப் பட்டை முழுவதையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும்.

இந்த வேதனை வெளியே தெரியாமலிருக்க டிஸ்குக்குள் ஒரு திண்ணை வைத்திருக்கிறார்கள். மேல் ஏறாத, சாதாரணத் தடங்கள் கொண்ட ஒரு பகுதி. வரும் சரக்கைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே கொண்டுபோய் அடுக்கும். இறக்கி அடுக்க நேரம் கொடுத்தால் டிஸ்க் வேகமாக இருப்பது போலவே தோன்றும். நான் வெள்ளி ராத்திரி திண்ணையை நிரப்பிவிட்டு, அடுக்க நேரம் தராமல் கரண்டை அணைத்தேன். சனிக்கிழமை எட்டு கோப்புகள் கலந்துகலந்து வந்தபோது இறக்க இடமில்லை.

மேலுறையில் இது எங்கும் எழுதியிருக்கவில்லை. பெரிய டிஸ்க் நிறுவனங்கள் எந்தெந்த மாடல் இந்த வகை என்று பட்டியல் வெளியிட்டதே 2020-ல், பயனர்கள் கண்டுபிடித்துச் சத்தம் போட்ட பிறகுதான். நான் வாங்கிய மாடல் எண் பட்டியலில் இருந்தது. ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்கும். அன்றைக்கு மிச்சப் பதிவை எஸ்எஸ்டியிலேயே எழுதி ஒப்பேற்றினோம்.

குற்றவாளி அல்லாத பழைய டிஸ்க்

ஞாயிறு மாலை, அலமாரியில் கிடந்த பழைய 1 டிபியை எடுத்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணி வைக்கும் ஸ்மார்ட் அளவைகளைப் பார்த்தேன். இந்த இடத்தில் எல்லா எண்ணையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 5-ம் எண், கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்: பூஜ்யம். 197, கெட்டிருக்கலாம் என்று காத்திருக்கும் இடங்கள்: பூஜ்யம். இந்த இரண்டில் ஏதாவது ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கில் பாட்டு வைக்கக் கூடாது. 199-ல் மட்டும் 214 என்று இருந்தது. அது டிஸ்கின் நோய் அல்ல. கேபிள் வழியில் தரவு சிதைந்து மறுபடி அனுப்பப்பட்ட எண்ணிக்கை. சாட்டா கேபிளை மாற்றினேன். இந்த எண் குறையாது, ஆனால் ஏறாமல் நிற்க வேண்டும்.

பழைய டிஸ்க் ஓடு வேய்ந்த வகை அல்ல. அதன் மேல் சுமத்தப்பட்டது மூன்று ஆள் வேலை, அவ்வளவுதான். பாட்டுகளுக்கு இன்னொரு பிரதியை யுஎஸ்பி டிஸ்கில் எடுத்துவிட்டு, மூன்று பிரிவையும் கலைத்து, முழு டிஸ்கையும் ஒரே பிரிவாக ஆக்கி, பதிவுக்கென்று மட்டும் ஒதுக்கினேன். இப்போது கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு டிராக்குக்கு ஒரு தடவையில் 256 கேபி அள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1.8 நொடிக்கு ஒரு தாவல் போதும். 30 டிராக்குக்கு நொடிக்கு 17 தாவல். எண்பதில் பதினேழு. மூன்றாவது சரணத்தில் ரிசோர்ஸ் மானிட்டர் இருபது சதவீதத்தைச் சுற்றி நின்றது.

2 டிபி டிஸ்க் வீணாகவில்லை. பதிவு முடிந்த இரவில் அன்றைய ஃபோல்டரை அதில் நகலெடுத்துவிட்டு, அரை மணி நேரம் கரண்டோடு சும்மா விடுகிறோம், திண்ணை காலியாகட்டும் என்று. சேமித்து வைக்க அது நல்ல டிஸ்க்தான்.

மற்ற ஏற்பாடுகள் சின்னவை. பவர் ஆப்ஷனில் இருபது நிமிடத்தில் ஹார்ட் டிஸ்கைத் தூங்கவைக்கும் வழக்கமான அமைப்பை எடுத்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பதிவை அழுத்தினால் தட்டு சுழன்று வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். பாட்டு ஃபோல்டரை விண்டோஸ் தேடல் அட்டவணையிலிருந்தும் ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்தும் விலக்கினேன். இணைய மேகத்தோடு (கிளவுட்) தானாக ஒத்திசையும் ஃபோல்டருக்குள் பாட்டை வைக்கவே கூடாது; எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே அது தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். ஃபார்மட் செய்யும்போது கிளஸ்டர் அளவை, அதாவது கோப்புக்கு இடம் ஒதுக்கும் குறைந்தபட்சக் கட்டியை, 64 கேபி ஆக்கினால் பறக்கும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். செய்து பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு டிஸ்கை ரெய்டு போட்டு ஒன்றின் நகலாக இன்னொன்றை வைத்தால் பேக்கப் தேவையில்லையே என்று அண்ணாச்சியின் மருமகன் கேட்டார். தவறுதலாக ஒரு பாட்டை அழித்தால் ரெய்டு அதே நொடியில் இரண்டிலும் அழித்துக் கொடுக்கும்.

வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும் என்று பாட்டுகளை ஜிப் ஆக்கி மகள் வீட்டுக்குப் பென் டிரைவில் கொடுத்துவிடப் பார்த்தார். 6 ஜிபி கோப்பு, 32 ஜிபி பென் டிரைவ், கோப்பு மிகப் பெரிது என்றது. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு நுழையாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றியதும் போய்ச் சேர்ந்தது.

கரண்ட் போன பதிவு

டிசம்பர் முதல் வாரம், சொப்ரானோ டேக் நடுவில் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் இருந்தது, பேட்டரி செத்திருந்தது. திரும்ப வந்து பார்த்தால் கோப்பு டிஸ்கில் இருக்கிறது, அளவும் சரியாகத்தான் இருக்கிறது, திறந்தால் நீளம் பூஜ்யம். வேவ் கோப்பின் தலையில் மொத்த நீளம் எழுதப்பட்டிருக்கும். பதிவை நிறுத்தும்போதுதான் கடைசி எண் அங்கே பதியும். நிறுத்தவே இல்லை என்றால் தலையில் பொய்யான எண் நிற்கும். பாட்டு கோப்பின் உடம்பில் பத்திரமாக இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில், தலையை நம்பாமல் ரா டேட்டாவாக இறக்குமதி செய்து, 24 பிட், லிட்டில் எண்டியன் (பைட்டுகளின் வரிசை), மோனோ, 48000 என்று கையால் கொடுத்தேன். தொடக்கத்தில் ஒரு சின்ன 'டிக்', அதன் பின்னே அந்தப் பெண்ணின் குரல். பிட் எண்ணிக்கையைத் தப்பாகக் கொடுத்தால் அருவி போல வெறும் இரைச்சல்தான் வரும். அப்படி வந்தால் பயப்படாமல் வேறு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசிச் சில நொடிகள் மட்டும் போய்விட்டன. அவற்றைத் திரும்பப் பாடவைத்து ஒட்டினோம். மறுநாள் யுபிஎஸ் பேட்டரி புதிது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லாம் சரியான பிறகு, அமைதியான இடங்களில் ஒரு மெல்லிய முனகல் இருப்பதை அண்ணாச்சி கண்டுபிடித்தார். ஆர்கன்காரர் காது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் கேபினட் தகடு வழியாகத் தரைக்கு இறங்கி, மைக் ஸ்டாண்டின் காலில் ஏறியிருந்தது. ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில், எந்தச் சுருதியிலும் சேராத ஓர் இடம். டிஸ்கைப் பிடித்திருந்த திருகுகளுக்கு ரப்பர் வளையம் போட்டேன், கேபினட்டை மேஜைக்கு அடியிலிருந்து வாசல் பக்கம் நகர்த்தி மிதியடி மேல் வைத்தேன். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் எனக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு இன்னும் கேட்கிறதாம்.

போன மாதம் போனபோது 199-ஐப் பார்த்தேன். அதே 214-தான்.